டர்பன்ல ஆள் வச்சு கடை நடத்துறீங்களா? சம்பள ஃபைலை இப்படி வச்சுக்கோங்க

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட்னு எந்தப் பக்கம் போனாலும் நம்ம ஆளுங்க டேக்அவே, ஹார்ட்வேர், சேலைக்கடை, மசாலாக்கடைன்னு ஏதோ ஒண்ணு நடத்திட்டு இருக்காங்க, அதுல அஞ்சு பேரோ பத்து பேரோ வேலை பாக்குறாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவர்ல காசு போட்டு கையில குடுத்துட்டா சம்பள வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி காசு குடுக்கிறது பாதி வேலைதான், எத்தனை மணி நேரத்துக்கு என்ன கணக்குல குடுத்தோம்னு பேப்பர்ல காட்டுறது மீதி பாதி. சின்ன கடைகளுக்கு சம்பளக் கணக்கு பாத்துக் குடுக்கிறதுதான் என் வேலை, திரும்பத் திரும்ப இதையே கேக்குறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் பேஸ்லிப்பைத்தான் பெருசா நினைக்கிறாங்க, அழகா லோகோ போட்டு பிரிண்ட் எடுக்கிறாங்க. ஆனா சண்டை வர்றது பேஸ்லிப்ல இல்ல, மணிக்கணக்குல. வேலைய விட்டுப் போனவர், முதலாளி தொழிலாளி தகராறைத் தீர்த்து வைக்கிற சிசிஎம்ஏக்கு போய் "ஓவர்டைம் காசு தரல"ன்னு சொன்னா, நீங்க "குடுத்தேன்"னு சொல்றதுக்கு ஆதாரம் அவர் எத்தனை மணிக்கு வந்தாரு எத்தனை மணிக்கு போனாருன்னு எழுதின நோட்டுதான். அந்த நோட்டு இல்லாம பேஸ்லிப் மட்டும் இருந்தா, அதுல இருக்கிற நம்பர் எங்கருந்து வந்துச்சுன்னு உங்களால சொல்ல முடியாது.

அடிப்படை சட்டம் 1997ல வந்த பேசிக் கண்டிஷன்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட், சுருக்கமா பிசிஇஏ. "எங்கிட்ட நாலு பேர்தான், எனக்கு இதெல்லாம் கிடையாது"ன்னு சிலர் சொல்லுவாங்க, அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, அஞ்சு பேருக்குக் கம்மியா வச்சிருக்கிற முதலாளிக்கு இந்த சட்டத்துல ரெக்கார்ட் செக்ஷனும் பேஸ்லிப் செக்ஷனும் பொருந்தாதுன்னு 28ஆம் செக்ஷன்லயே இருக்கு. ஆனா அதை நம்பி உக்காந்துடாதீங்க. ஹோல்சேல் ரீடெயில், ஹாஸ்பிட்டாலிட்டி மாதிரி துறைகளுக்கு தனியா செக்டோரல் டிட்டர்மினேஷன்னு இருக்கு, வீட்டு வேலைக்கும் ஒண்ணு இருக்கு, அதுலயெல்லாம் அவங்கவங்களுக்குன்னு விதி போட்டிருக்காங்க. யூஐஎஃப் (வேலை போனா காசு குடுக்கிற இன்சூரன்ஸ் ஃபண்ட்), கொய்டா (வேலையில அடிபட்டா காசு குடுக்கிற ஃபண்ட்), மினிமம் வேஜ் இதெல்லாம் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் வரும். அதனால ஒரு ஆளுன்னாலும் முழு ஃபைலும் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், ரெண்டு பேருக்கு எழுதப் பழகினவருக்கு எட்டு பேருக்கு எழுதுறது கஷ்டமே இல்ல.

ஆள் சேர்ற முதல் நாளே ஒரு ஃபைல் திறங்க. வேலை விவரத்தை எழுத்துல குடுக்கணும்னு 29ஆம் செக்ஷன் சொல்லுது: உங்க பேர் அட்ரஸ், அவர் பேர், என்ன வேலை, எந்த இடத்துல வேலை, எப்போ சேர்ந்தாரு, வழக்கமான நாளும் நேரமும், சம்பளம் மணிக்கா வாரத்துக்கா மாசத்துக்கா, ஓவர்டைம் ரேட் என்ன, சாப்பாடு ரூம் மாதிரி ஏதாவது குடுத்தா அதோட மதிப்பு, என்னென்ன பிடிப்பீங்க, லீவு எத்தனை, நோட்டீஸ் எவ்வளவு. பெரிய வக்கீல் பாஷை தேவையில்ல, ரெண்டு பக்கம் போதும், ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஒரு காப்பி அவருக்கு. அவருக்கு படிச்சுப் புரியலன்னா புரியற மொழியில விளக்கணும்னும் அதே செக்ஷன்ல இருக்கு, இங்க பெரும்பாலும் ஜூலு, அதனால ஜூலு தெரிஞ்ச ஒருத்தரை பக்கத்துல வச்சு படிச்சுக் காட்டி, யார் விளக்கினாங்கன்னு கீழ அவர் பேரையும் எழுதி வாங்கிக்கோங்க. சம்பளம் ஏறினாலோ நேரம் மாறினாலோ அந்த பேப்பரையும் மாத்தி புது காப்பி குடுக்கணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, 2019ல போட்ட கான்ட்ராக்ட்ல 20 ராண்ட் மணிக்கூலின்னு அப்படியே தூங்கிட்டு இருக்கும்.

கூடவே ஐடி காப்பி, டாக்ஸ் நம்பர், பேங்க் விவரம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பர். 18 வயசுக்கு கீழன்னா பிறந்த தேதிய கண்டிப்பா ரெக்கார்ட்ல எழுதணும், 15 வயசுக்கு கீழ வேலைக்கு வைக்கவே கூடாது, அது கிரிமினல் குற்றம். டிசம்பர் லீவுல சொந்தக்காரப் பையன் கல்லாவுல நிக்கிறான்னா அவன் வயசையும் யோசிச்சுக்கோங்க.

இப்போ மணிக்கணக்கு நோட்டு. ஃபிங்கர்பிரிண்ட் மெஷின் வேணும்னு கட்டாயம் இல்ல, ஒரு ஹார்ட்கவர் நோட்டு போதும். தேதி, பேர், வந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை எப்போலருந்து எப்போ வரை, போன நேரம், கையெழுத்து. மளிகைக்கடை பற்று நோட்டு மாதிரிதான், அப்பப்போ எழுதினாத்தான் அதுக்கு மதிப்பு, மாசக்கடைசியில உக்காந்து ஒரே பேனாவுல எல்லா நாளும் "8 டு 5"ன்னு எழுதினா பாக்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். பொய்யா எழுதக்கூடாதுன்னு 31ஆம் செக்ஷன்லயே தனியா போட்டிருக்காங்க. தப்பா எழுதிட்டா ஒரு கோடு போட்டு அடிச்சு பக்கத்துல சரியா எழுதி ரெண்டு பேரும் இனிஷியல் போடுங்க, ஒயிட்னர் பக்கமே போகாதீங்க. மெஷின் வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, சில மெஷின் தர்மல் பேப்பர்ல அடிக்கும், டர்பன் வெக்கைக்கு அது கொஞ்ச நாள்லயே வெளுத்துடும், அதனால வாரா வாரம் ஃபைலா இறக்கி வச்சுக்கோங்க இல்ல போட்டோ எடுத்து வைங்க.

ஏன் இவ்வளவு துல்லியமா எழுதணும்னா, காசோட கணக்கு மணியப் பொறுத்து மாறுது. வழக்கமான நேரம் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி. அஞ்சு நாள் வேலைன்னா ஒரு நாளைக்கு 9, ஆறு நாள்னா 8. அதுக்கு மேல ஓவர்டைம், அவர் ஒத்துக்கிட்டாத்தான், வாரத்துக்கு 10 மணிக்கு மேல போகக்கூடாது, ரேட் ஒன்றரை மடங்கு. ஞாயித்துக்கிழமை வழக்கமா வராதவர் வந்தா ரெண்டு மடங்கு, கான்ட்ராக்ட்லயே ஞாயிறு வேலைநாள்னா ஒன்றரை. தொடர்ந்து 5 மணி நேரம் பாத்தா ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, எழுத்துல ஒத்துக்கிட்டா அரை மணியா குறைக்கலாம். சாயங்காலம் 6ல இருந்து காலைல 6 வரைக்கும் நைட் ஒர்க், அதுக்கு அலவன்ஸ் குடுக்கணும் இல்ல நேரத்தைக் குறைக்கணும், வீட்டுக்கும் கடைக்கும் போய் வர வண்டியும் கிடைக்கணும், ராத்திரி 10 மணி வரைக்கும் பன்னி சௌ விக்கிற டேக்அவேக்காரங்க இதை மறந்துடறாங்க. இன்னொண்ணு, ஒருத்தரைக் கூப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல "கஸ்டமர் இல்ல, வீட்டுக்குப் போ"ன்னு அனுப்பினாலும் நாலு மணி நேரக் கூலி குடுக்கணும். இந்த மணிக்கணக்கு விதியில நிறைய விதி, மாசத்துக்கு 24 மணிக்குக் கீழ வேலை பாக்குறவருக்கு வராது, அதாவது எப்பவாச்சும் வந்து புல் வெட்டிட்டுப் போற பீஸ் ஜாப் ஆளு மாதிரி, ஆனா மினிமம் வேஜ் அவருக்கும் உண்டு.

மினிமம் வேஜ் 2019 ஜனவரியில மணிக்கு 20 ராண்ட்ல ஆரம்பிச்சுச்சு, 2025 மார்ச் 1ல 28.79 ஆச்சு. ஒவ்வொரு மார்ச்சும் மாத்துறாங்க, அதனால பிப்ரவரி மாசமே புது ரேட் என்னன்னு பாத்து வைங்க. இதுல நம்ம ஆளுங்க, முக்கியமா ரெஸ்டாரன்ட் வச்சிருக்கிறவங்க மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. "அண்ணே, ரூம் குடுத்திருக்கேன், மூணு வேளை சாப்பாடு குடுக்கிறேன், டிப்ஸ் வேற வருது, அதையெல்லாம் சேர்த்தா மினிமம் வேஜை தாண்டிடும்"னு கணக்கு சொல்லுவாங்க. அது செல்லாது. சாப்பாடு, ரூம், பஸ் காசு, டிப்ஸ், போனஸ், இதெல்லாம் மினிமம் வேஜ் கணக்குல சேராதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. மாட்டினா அபராதம், குறைச்சுக் குடுத்ததுல ரெண்டு மடங்கு இல்ல அவரோட மாச சம்பளத்துல ரெண்டு மடங்கு, எது பெருசோ அது. குறைச்சுக் குடுத்த காசை தனியா அவருக்குக் குடுக்கிறதும் இருக்கு.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், இதைப் பாத்து உங்க ஸ்டாஃபுக்கு போட்டுக்கோங்க. கவுண்டர்ல நிக்கிறவருக்கு மணிக்கு 32 ராண்ட், அஞ்சு நாள், 45 மணி. வாரத்துக்கு 1,440. மாசமா மாத்துறதுக்கு நாலால பெருக்காதீங்க, நாலே மூணுல ஒண்ணால பெருக்கணும், அப்போ 6,240. நாலால பெருக்கிறவங்க வருஷத்துக்கு நாலு வாரக் கூலிய முழுங்கிடறாங்க, தெரிஞ்சும் தெரியாமலும். அந்த மாசம் ரெண்டு வாரத்துல மூணு மூணு மணி ஓவர்டைம், ஆறு மணிக்கு 48 வீதம் 288. வேறொரு வாரம் ஒரு ஞாயிறு அஞ்சு மணி நேரம் வந்தாரு, 64 வீதம் 320. மொத்தம் 6,848. யூஐஎஃப் ஒரு சதவீதம் 68.48 பிடிச்சா கையில 6,779.52. வருஷத்துக்கு கணக்கு போட்டாலும் 82,176தான் வருது, 2025-26 வரி ஆண்டுல 65 வயசுக்குக் கீழ உள்ளவருக்கு வரி ஆரம்பிக்கிற வரம்பு 95,750, அதனால இவருக்கு இன்கம் டாக்ஸ் பிடிக்க வேண்டியதில்ல.

இதே கணக்குதான் பேஸ்லிப். உங்க பேர் அட்ரஸ், அவர் பேர் வேலை, எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரை, மொத்த சம்பளம், எதுக்கு எவ்வளவு பிடிச்சீங்க, கையில எவ்வளவு. கூடவே ரேட், சாதா மணி, ஓவர்டைம் மணி, ஞாயிறு இல்ல பப்ளிக் ஹாலிடே மணி தனித்தனியா. "சம்பளம் 6,848"ன்னு ஒரே வரி போட்டா அது பேஸ்லிப் கிடையாது. காசா குடுக்கிறீங்கன்னா கடையிலயே, வேலை நேரத்துல இல்ல ஆரம்பிக்கிற முடியற 15 நிமிஷத்துக்குள்ள, ஒட்டின கவர்ல குடுக்கணும், அவர் கையெழுத்து வாங்கிக்கோங்க. பேங்க்ல போடுறதுதான் நல்லதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், பேங்க் ஸ்டேட்மென்ட்டை விட பெரிய சாட்சி கிடையாது.

பிடிக்கிற விஷயம்தான் ரொம்ப மோசம். 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல நம்ம ஆளுங்க இங்க வந்து இறங்கினப்போ மாசம் 10 ஷில்லிங் கூலி, அதுலயும் ஒரு நாள் வரலன்னா ரெண்டு நாள் கூலிய வெட்டுற பழக்கம் தோட்டத்துல இருந்துச்சு, ஊருக்குத் திரும்பினவங்க மெட்ராஸ்ல புகார் சொல்லி, இந்த மாதிரி குறையெல்லாம் விசாரிக்க 1872ல நேட்டால்ல கமிஷன் போட்டாங்க. அந்த வம்சத்துல வந்தவங்க நடத்துற கடையிலயே இன்னைக்கு "லேட்டா வந்தான், அரை நாள் கட்"னு நோட்டுல எழுதியிருக்கிறதைப் பாக்கும்போது எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. வராத நேரத்துக்கு கூலி இல்ல, அது சரி, ஆனா தண்டனையா அதுக்கு மேல வெட்ட முடியாது.

கல்லாவுல காசு குறைஞ்சா, சாமான் உடைஞ்சா உடனே சம்பளத்துல கைவைக்கக் கூடாது. நஷ்டம் வேலை நேரத்துல அவர் தப்பால நடந்திருக்கணும், ஏன் பிடிக்கக் கூடாதுன்னு சொல்ல அவருக்கு வாய்ப்பு குடுத்திருக்கணும், குறிப்பிட்ட கடனுக்குன்னு எழுத்துல அவர் சம்மதிச்சிருக்கணும், உண்மையான நஷ்டத்துக்கு மேல போகக்கூடாது, மொத்தப் பிடித்தம் காசு சம்பளத்துல கால்வாசியைத் தாண்டக்கூடாது. முன்பணம் குடுத்தாலும் அப்படித்தான், எவ்வளவு குடுத்தீங்க, மாசம் எவ்வளவு திருப்பிப் பிடிப்பீங்கன்னு ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்கி ஃபைல்ல போடுங்க. "வேலை வாங்கிக் குடுத்ததுக்கு"ன்னு ஏஜென்ட் செலவை சம்பளத்துல பிடிக்கிறதும் கூடாது, வேலைக்காக ஸ்டாஃப்கிட்ட காசு வாங்கவே கூடாதுன்னு 33ஏ செக்ஷன் இருக்கு.

லீவு ரிஜிஸ்டர் தனியா ஒரு பக்கம். வருஷத்துக்கு தொடர்ந்து 21 நாள் ஆனுவல் லீவு, அஞ்சு நாள் வேலை பாக்குறவருக்கு அது 15 வேலைநாள். சிக் லீவு 36 மாசத்துக்கு ஒரு கணக்கு, ஆறு வாரத்துல எத்தனை நாள் வேலை பாப்பாரோ அத்தனை நாள், முதல் ஆறு மாசம் மட்டும் 26 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம். தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல வரலன்னா, இல்ல எட்டு வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல லீவு போட்டா டாக்டர் சர்டிஃபிகேட் கேக்கலாம். ஃபேமிலி ரெஸ்பான்ஸிபிலிட்டி லீவு 3 நாள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபார்ம், அவர் கையெழுத்து, மீதி எத்தனைன்னு ஒரு கட்டம்.

பப்ளிக் ஹாலிடே வருஷத்துக்கு 12, ஞாயித்துக்கிழமை விழுந்தா திங்களும் லீவு. குட் ஃபிரைடே அன்னைக்கு மவுன்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில்ல கூட்டம் அள்ளும், அந்தப் பக்கம் கடை வச்சிருக்கிறவங்க அன்னைக்கு மூட மாட்டாங்க, ஆனா அது பப்ளிக் ஹாலிடே, அவரோட வழக்கமான வேலைநாள்ல விழுந்து அவர் ஒத்துக்கிட்டு வந்தா ரெண்டு மடங்கு. தீபாவளி இங்க பப்ளிக் ஹாலிடே இல்ல. ஆனா ஒரு வழி இருக்கு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு பப்ளிக் ஹாலிடேய வேற நாளுக்கு மாத்திக்கலாம், 1994 பப்ளிக் ஹாலிடேஸ் ஆக்ட்லயே இருக்கு. செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே அன்னைக்கு சாதா சம்பளத்துக்கு வேலை, தீபாவளிக்கு சம்பளத்தோட லீவுன்னு எழுதிக்கலாம். முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கணும், வாய்வார்த்தையா விட்டுட்டு அப்புறம் அவர் ரெட்டைச் சம்பளம் கேட்டா உங்களால எதுவும் சொல்ல முடியாது.

இனி சார்ஸ், அதாவது வரி ஆபீஸ் பக்கம். வரி பிடிக்க வேண்டிய ஆள் இருந்தா 21 வேலைநாளுக்குள்ள பதிவு பண்ணணும். ஒவ்வொரு மாசமும் ஈஎம்பி 201ங்கிற ஃபார்ம் போட்டு அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள கட்டணும், 7ஆம் தேதி சனி ஞாயிறுன்னா அதுக்கு முந்தின வேலைநாள், லேட்டானா 10 சதவீதம் பெனால்டி. இதுல மூணு விஷயம் வரும், சம்பளத்துல பிடிக்கிற பிஏஒய்இ வரி, வருஷ சம்பள மொத்தம் 5 லட்சம் ராண்ட் தாண்டினா தொழில் பயிற்சிக்கான ஸ்கில்ஸ் லெவி 1 சதவீதம், அப்புறம் யூஐஎஃப். யூஐஎஃப் அவர் 1 சதவீதம், நீங்க 1 சதவீதம், மேல சொன்ன கணக்குல ரெண்டும் சேர்ந்து 136.96. மாச சம்பளம் 17,712 வரைக்கும்தான் கணக்கு, அதனால ஒரு பக்கத்துக்கு 177.12க்கு மேல போகாது. வரி கட்ட வேண்டிய ஆளே இல்லாத கடைங்க நேரா யூஐஎஃப் ஆபீஸ்ல பதிவு பண்ணி அவங்களோட ஆன்லைன் தளமான யூஃபைலிங்ல கட்டலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஈஎம்பி 501ங்கிற மொத்தக் கணக்கு, பாதி வருஷத்துக்கு ஒண்ணு, மே மாசம் முழு வருஷத்துக்கு ஒண்ணு, அப்போதான் ஸ்டாஃபுக்கு ஐஆர்பி 5, அதாவது சம்பள வரி சர்டிஃபிகேட் வரும். 18லருந்து 29 வயசு வரைக்கும் இருக்கிற ஆளுங்களுக்கு எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் இன்சென்டிவ்ங்கிற வரிச் சலுகை உங்களுக்குக் கிடைக்குமான்னும் பாருங்க, அதுக்கு ஐடியும் மணிக்கணக்கும் சரியா இருக்கணும்.

காசு கட்டினா மட்டும் போதாது, யூஐஎஃப்க்கு ஆள் விவரத்தையும் மாசம் 7க்குள்ள யூஐ 19 ஃபார்ம்ல சொல்லணும், யார் சேர்ந்தாங்க, யார் போனாங்க, சம்பளம் என்ன ஆச்சுன்னு. 2020 லாக்டவுன்ல யூஐஎஃப்லருந்து டெர்ஸ்ங்கிற நிவாரணக் காசு வந்தப்போ இதோட அருமை எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு, டிக்ளேர் பண்ணாத ஆளுக்கும் ஐடி நம்பர் ஒத்துப்போகாத ஆளுக்கும் கிளெய்ம் நின்னுடுச்சு. அதனால ஐடி நம்பரை காப்பியப் பாத்து ரெண்டு தடவை சரிபாருங்க.

கொய்டாவுக்கு மார்ச்லருந்து பிப்ரவரி வரைக்குமான சம்பள மொத்தத்தை வருஷா வருஷம் ரிட்டர்ன் ஆஃப் எர்னிங்ஸ்ல குடுக்கணும். கட்டினாத்தான் பாக்கி இல்லங்கிறதுக்கான லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் கிடைக்கும், பெரிய கம்பெனி கான்ட்ராக்ட் எடுக்கிறவங்களுக்கு அது இல்லாம வேலையே நடக்காது. விபத்து நடந்தா 7 நாளுக்குள்ள சொல்லணும். வீட்டு வேலைக்கு ஆள் வச்சிருக்கிறவங்களும் இதுல வருவாங்க, 2020 நவம்பர்ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் தீர்ப்பு சொன்னதுலருந்து. ஈஎம்பி 201ஓட பன்னிரண்டு மாச மொத்தம், ஈஎம்பி 501, ரிட்டர்ன் ஆஃப் எர்னிங்ஸ், மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. வித்தியாசம் வந்தா அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே காரணத்தைக் கண்டுபிடிச்சு ஒரு பேப்பர்ல எழுதி உள்ள வச்சுடுங்க.

கோயில் கமிட்டிக்காரங்களுக்கும் இதைச் சொல்லணும். இந்தியாவுலருந்தோ இலங்கையிலருந்தோ குருக்களைக் கூட்டிட்டு வந்து மாசச் சம்பளம் குடுத்தா கமிட்டிதான் முதலாளி, தட்சிணை தனி, சம்பளம் தனி, ரெண்டையும் ஒரே நோட்டுல கலக்காதீங்க. சமையல்காரர், தவில்காரர் யாரா இருந்தாலும் விசா பெர்மிட் காப்பி, அது முடியற தேதி ஃபைல்ல இருக்கணும், காலண்டர்ல மூணு மாசம் முன்னாடியே குறிச்சு வைங்க. பாஸ்போர்ட் ஒரிஜினலை வாங்கி டிராயர்ல பூட்டுற வேலை வேண்டாம், காப்பி போதும். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைக்கிறது இமிக்ரேஷன் சட்டப்படி முதலாளி மேல குற்றம், அதே சமயம் "அவனுக்குத்தான் பேப்பரே இல்லையே, எங்க போய் கேப்பான்"ங்கிற தைரியமும் செல்லாது, பெர்மிட் இல்லன்னாலும் அவர் தொழிலாளிதான்னு 2008லயே லேபர் கோர்ட் சொல்லிடுச்சு.

ஆள் வேலைய விட்டுப் போறப்போ செய்ய வேண்டியது: கடைசி சம்பளம், எடுக்காத ஆனுவல் லீவுக்கு காசு, யூஐ 19, சர்டிஃபிகேட் ஆஃப் சர்வீஸ். இந்த சர்டிஃபிகேட்ல ஏன் போனாருன்னு அவர் கேட்டாத்தான் எழுதணும், நம்ம கோவத்தையெல்லாம் அதுல கொட்டக்கூடாது. யூஐ 19ல காரணம் உண்மையா இருக்கணும், நீங்க நிறுத்திட்டு "அவரா போயிட்டாரு"ன்னு போட்டா அவருக்கு யூஐஎஃப் காசு கிடைக்காது, அப்புறம் உங்க மேல கேஸ் வரும். வார்னிங் லெட்டர், ஹியரிங் நோட்ஸ் எல்லாம் அதே ஃபைல்ல, தேதியோட.

லேபர் இன்ஸ்பெக்டர் வேலை நேரத்துல வாரன்ட் இல்லாமயே கடைக்கு வரலாம், வீடுன்னா மட்டும் உங்க சம்மதம் இல்ல கோர்ட் அனுமதி வேணும். அவர் அடையாள சர்டிஃபிகேட்டைக் கேட்டுப் பாருங்க, அதுல தப்பே இல்ல. ரெக்கார்டை எடுத்துட்டுப் போனா ரசீது வாங்குங்க. சுவர்ல ஸ்டாஃப் உரிமை போஸ்டர் ஒட்டியிருக்கான்னு பாப்பாரு, இங்கிலீஷ்லயும் ஜூலுலயும் இருந்தா நல்லது. ஏதாவது குறைன்னா அதைச் சரி பண்ணச் சொல்லி கம்ப்ளயன்ஸ் ஆர்டர் குடுப்பாரு, அதுல இருக்கிற தேதிய விட்டுடாதீங்க. கல்லாவுக்கு அடியில தேடிட்டு நிக்காம இருக்கணும்னா, ஒரே ஒரு ஃபைல் கடையில இருக்கட்டும், கடைசி மூணு மாச மணிக்கணக்கு, பேஸ்லிப், எல்லாரோட கான்ட்ராக்ட் காப்பி.

எத்தனை வருஷம் வைக்கணும்னா, பிசிஇஏ ரெக்கார்ட் கடைசியா எழுதின நாள்லருந்து 3 வருஷம், கான்ட்ராக்ட் விவரம் அவர் வேலைய விட்ட பிறகு 3 வருஷம், கொய்டா 4, சார்ஸ் 5, பிடிஒய், அதாவது பிரைவேட் கம்பெனியா பதிவு பண்ணியிருந்தா கணக்குப் புத்தகம் 7. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஞாபகம் வச்சுக்க முடியாது, அதனால எல்லாத்தையும் 7 வருஷம்னு வச்சுக்கோங்கன்னு கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லுவேன், தனி ஆளா நடத்துறவங்களுக்கு 5 போதும், ஆனா சார்ஸ் ஆடிட்டோ சிசிஎம்ஏ கேஸோ ஓடிட்டு இருந்தா அது முடியற வரைக்கும் ஒரு பேப்பரையும் தொடாதீங்க. 2021 ஜூலை கலவரத்துல எத்தனையோ கடை எரிஞ்சுச்சு, 2022 ஏப்ரல் வெள்ளத்துல எத்தனையோ கடைக்குள்ள தண்ணி வந்துச்சு, கடையில மட்டும் பேப்பர் வச்சிருந்தவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவை நோட்டுப் பக்கத்தை போன்ல ஸ்கேன் பண்ணி கிளவுட்ல ஒண்ணு, வீட்டுல பென்டிரைவ்ல ஒண்ணு. வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போட்டு வைக்காதீங்க, ஸ்டாஃபோட ஐடியும் பேங்க் நம்பரும் டாக்டர் சர்டிஃபிகேட்டும் எல்லாரும் பாக்குற இடத்துல இருந்தா போப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கதான் பதில் சொல்லணும், 2021 ஜூலையிலருந்து அது முழுசா அமல்ல இருக்கு.

வருஷம் முடிஞ்ச ஃபைலை அழிக்கிறப்போ அப்படியே குப்பைப் பையில கட்டி ரோட்டோரம் வைக்காதீங்க, ஷ்ரெட் பண்ணுங்க இல்ல எரிச்சுடுங்க, பழைய லேப்டாப்பை விக்கிறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிடுங்க. எந்த வருஷத்து ஃபைல், எந்தத் தேதி, யார் அழிச்சாங்கன்னு ஒரு வரி இந்த வருஷ நோட்டுல எழுதி வைங்க.